சம்பந்திகள் போன சபர்

மதினி,

நேற்றுக் காலை ராமநாதபுரத்தில் கீழக்கரை பஸ் கிளம்பக் காத்திருந்தேன். முன் இருக்கையில் இருந்த பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து, நகத்தால் கீறி, மூக்கருகே பிடித்துக்கொண்டாள். அந்த வாசனை காற்றில் என் பக்கம் வந்ததும் சட்டென்று இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் எப்போதும் உட்காரும் இடத்தில் யாரோ போட்டுவிட்டுப் போன பள்ளிக்கூடப் பை இருந்தது.

கடல்பாசி எடுக்க வள்ளமேறித் தீவு தீவாகப் போய் மூழ்கி எழுந்த உடம்பு உங்களுடையது. கடலில் ஒருநாளும் குமட்டியதில்லை என்பீர்கள். ஆனால் பேருந்துப் படியில் கால் வைத்த மறுநொடி முந்தானை முடிச்சிலிருந்து எலுமிச்சம்பழம் வெளியே வந்துவிடும். “கடல் ஆடுனா அதுல ஒரு ஞாயம் இருக்கு மதினி. இந்த ரோடு எதுக்கு ஆடணும்?” என்று ஓட்டுநருக்குக் கேட்கும்படி சொல்வீர்கள். அவரும் கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொள்வார்.

நாம் ஊர் சுற்றிய கதையை நான் இப்போது யாரிடமாவது சொன்னால் முதலில் நம்புவதில்லை. சம்பந்திகள் என்றால் முறைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஊர் வழக்கம். நாமும் அதை ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தோம். நாங்கள் முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போடுகிற குடும்பம்; நீங்கள் தங்கச்சிமடத்துக் கடல்காரர்கள். என் மகனும் உங்கள் மகளும் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று வந்து நின்றபோது, குலசாமி கோயிலில்தான் தாலி என்று எங்கள் வீட்டில் குதித்தார்கள். மாதா கோயிலில்தான் என்று உங்கள் வீட்டில் குதித்தீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, ராமநாதபுரத்தில் ஒரு வீட்டைப் பிடித்துக் குடியேறினார்கள். அப்புறம் நமக்கு மிஞ்சியது கோபம்தான். கண்மாய்த் தண்ணீரை முறை வைத்து விடுவதுபோல, நீங்கள் வர ஒரு கிழமை, நான் வர ஒரு கிழமை என்று பிள்ளைகளே பிரித்து வைத்திருந்தார்கள்.

அந்த முறை உடைந்தது உங்கள் மகளுக்குக் காய்ச்சல் கண்ட அன்றுதான். செய்தி கேட்டு நீங்கள் தங்கச்சிமடத்திலிருந்து கிளம்பிவிட்டீர்கள். நான் கிராமத்திலிருந்து கிளம்பிவிட்டேன். பிள்ளைகள் வீடு தேவிபட்டினம் சாலையில். அந்தப் பக்கம் போகும் இலவச பஸ்ஸில் நான் ஏறிப் பார்த்தால் ஒரே ஓர் இடம்தான் காலி, அதுவும் உங்களுக்குப் பக்கத்தில். நின்றுகொண்டே போயிருக்கலாம். முழங்கால் விடவில்லை. உட்கார்ந்தேன். நீங்கள் சன்னல் பக்கம் திரும்பி எலுமிச்சம்பழத்தை முகர்ந்தீர்கள். பேச வேண்டி வந்துவிடுமோ என்று நான் கண்ணை மூடித் தூங்குவதுபோல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு கண்ணால் பார்த்தேன். நீங்களும் கண்ணை மூடியிருந்தீர்கள்.

இறங்கும் இடம் நெருங்குகிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் எழுந்தால் எழலாம் என்று இருந்தேன். நான் எழுந்தால் எழலாம் என்று நீங்கள் இருந்திருக்கிறீர்கள். உச்சி வெயில், சன்னல் காற்று, விடிகாலையில் எழுந்து ஓடி வந்த அலுப்பு. நடிப்பு எந்த இடத்தில் நிஜத் தூக்கமானது என்று இருவருக்கும் தெரியாது. நடத்துநர் வந்து, “யம்மா, அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் எந்திரிங்க, தேவிபட்டினம் வந்துருச்சு” என்று கம்பியைத் தட்டியபோது, உங்கள் தலை என் தோளில் இருந்தது. என் தலை உங்கள் தலைமேல் இருந்தது.

பிள்ளைகள் வீட்டு நிறுத்தத்தைத் தாண்டி வந்து படியிறங்கி நின்றோம். தெருக்கோடியில் கடல் தெரிந்தது. நான் திரும்பிப் போகிற பஸ்ஸைத் தேடிக்கொண்டிருந்தேன். நீங்கள்தான் மகளுக்குப் போன் போட்டுக் கேட்டீர்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கப் போகிறேன் என்றாள். போனை மடியில் செருகிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: “அவ தூங்கி எந்திரிக்கட்டும். வந்தது வந்தாச்சு. கடலப் பாத்துட்டுப் போவமா, மதினி?”

அதுவரை என்னை நீங்கள் எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை.

தண்ணீருக்குள் நவகிரகக் கற்கள் நின்றன. ஜனங்கள் இடுப்பளவு நீரில் சுற்றி வந்தார்கள். நான் கும்பிட்டேன். நீங்கள் கரையில் சேலையை ஒரு சுருக்குக்கூட நனையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். “கடல்லயே கெடந்தவளுக்கு இதென்ன பயம்?” என்று கேட்டேன். “நாங்க சோலிக்குத்தான் நனைவோம் மதினி, சும்மா நனைய மாட்டோம்” என்றீர்கள். நான் சிரித்துவிட்டேன். நீங்களும் சிரித்தீர்கள். அன்று பிள்ளைகள் வீட்டுக்கு முதலில் நீங்கள் போனீர்கள். நான் முக்குக் கடையில் ஒரு டீ குடித்து, நேரம் கடத்திவிட்டுப் போனேன். பகைக்காரிகள் ஒன்றாகப் போய் நின்றால் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள் என்று நீங்கள் சொன்ன யோசனை அது.

அங்கே தொடங்கியது. வாரத்தில் ஒரு நாள், மகன் வீட்டுக்குப் போகிறேன் என்று நான் கிளம்புவேன். மகள் வீட்டுக்குப் போகிறேன் என்று நீங்கள் கிளம்புவீர்கள். ராமநாதபுரம் பேருந்து நிலையத்தில் பூக்கடைப் பக்கம் சந்திப்போம். எந்த ஊருக்கு என்று முன்கூட்டி முடிவு செய்யக் கூடாது என்பது உங்கள் சட்டம். “வள்ளத்துல ஏறுனா காத்து சொல்ற ஊரு. பஸ்ஸுல ஏறுனா கண்டக்டரு சொல்ற ஊரு” என்பீர்கள். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் எது முதலில் வருகிறதோ அதுதான் நம் பஸ். அது எங்கே நின்றுபோகிறதோ, அங்கிருந்து இன்னொன்று. வேகமாகப் போகிற வண்டிகள் நம்மைக் கடந்து போய்க்கொண்டே இருக்கும். நாம் ஒவ்வொரு வேலி மரத்திடமும் நலம் விசாரித்தபடி போவோம்.

அப்படித்தான் ஒருநாள் உப்பூரில் இறங்கினோம். அங்கே பிள்ளையார் கூரையில்லாமல் வெயிலில் உட்கார்ந்திருப்பார். நீங்கள் வாசலில் நிற்பீர்கள் என்று நினைத்தேன். உள்ளே வந்து, அவரை ஏறிட்டுப் பார்த்து, “பாவம், இப்படி வெயில்ல இருக்காரே, யாரும் ஒரு கொடை புடிக்க மாட்டீகளா?” என்று பூசாரியிடமே கேட்டுவிட்டீர்கள். வெயில் வாங்குவதுதான் இந்தச் சாமியின் விருப்பம் என்று அவர் விளக்கினார். “அப்பச் சரி. எங்க ஆளுகளும் அப்படித்தான், நெழலு கெடச்சாலும் ஒக்கார மாட்டாக” என்று சமாதானமாகி வெளியே வந்தீர்கள். ஓரியூர் மாதிரியான உங்கள் வேதக் கோயில்களில் நான் என்ன செய்வது என்று தெரியாமல் கைகூப்பி நின்றதற்கு, “கும்பிடுங்க மதினி, அவரு ஒண்ணும் பேரு கேக்க மாட்டாரு” என்று சொன்னது நினைவிருக்கிறது.

ஊர்களை எனக்கு இப்போது சரியாக வரிசைப்படுத்த முடியவில்லை. ஒரு பனங்காடு எங்கே முடிந்து இன்னொரு பனங்காடு எங்கே தொடங்கியது, எந்தக் கரையில் கொக்குகள் அப்படி வெள்ளையாக எழுந்து பறந்தன, எல்லாம் தூக்கத்தில் பார்த்ததுபோல் கலந்து கிடக்கின்றன. ஆனால் மனுஷிகள் கலந்துபோகாமல் இருக்கிறார்கள். கீழக்கரை ஜெய்னம்பு அப்படித்தான் இருக்கிறாள்.

கீழக்கரையில் நல்ல மழை பிடித்துக்கொண்ட நாள் அது. ஒரு குறுகலான தெருவில் ஒரு வீட்டு வாசலில் ஒண்டி நின்றோம். கதவு ஒரு கை அகலம் திறந்தது. “நனையாதீங்க, உள்ள வாங்க” என்று குரல் மட்டும் வந்தது. அதுதான் ஜெய்னம்பு. துவட்டத் துண்டு கொடுத்து, தட்டில் தொதல் அல்வாவை வெட்டி வைத்தாள். அக்கா தங்கச்சியா என்று கேட்டாள். “இல்ல, எதிரிக” என்றீர்கள் நீங்கள். “சம்பந்திக” என்றேன் நான். அவளுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரமானது. “எங்க வீட்டு ஆம்பளைக எல்லாம் சபருல இருக்காங்க. ஒருத்தர் துபாயி, ஒருத்தர் மலேசியா. சம்பந்திக ரெண்டு பேரு சபரு கெளம்பி இன்னைக்குத்தான் பாக்குறேன்” என்றாள். சபர் என்றால் பயணம். அந்தச் சொல் உங்களுக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு வாரம் தவறாமல் காலையில் போன் வரும்: “சபருக்கு ரெடியா, மதினி?” நான் கொல்லைப்பக்கம் போய் ரகசியமாகப் பதில் சொல்வேன். யாரு போன்ல என்று என் வீட்டுக்காரர் கேட்பார். “மாத்திரக்கடைக்காரி” என்பேன்.

முத்துராக்கு கிடைத்தது அதற்குப் பிறகு. சாயல்குடிக்குப் போகும் வழியில் உப்பளங்கள் வரும் இடத்தில் பஸ் நின்றபோது, கூடையோடு ஒருத்தி ஓடிவந்தாள். ஓடிவந்தவளுக்காகக் காத்திருக்காமல் பஸ் நகர்ந்தது. நீங்கள் எழுந்து, “ஏலே தம்பி, நிப்பாட்டுப்பா, பொம்பள ஓடியாராள்ல” என்று போட்ட சத்தத்தில் வண்டி குலுங்கி நின்றது. ஏறி வந்தவள் நமக்கு எதிர் இருக்கையில் உட்கார்ந்தாள். புருவம், மயிர், ரவிக்கை எல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. அடுத்த வாரம் அவளைப் பார்ப்பதற்கென்றே அங்கே இறங்கினோம். உங்கள் சட்டத்தை நீங்களே மீறிய முதல் தடவை அது. “ஊரு எங்கிட்டும் போயிராது மதினி, இந்தப் பிள்ளை வேலை முடிஞ்சா வீட்டுக்குப் போயிரும்” என்று அதற்கொரு காரணம் வைத்திருந்தீர்கள்.

அந்த உப்பளத்தில்தான் நீங்கள் விழுந்தீர்கள்.

பிற்பகல். பாத்திகளில் நின்ற தண்ணீர் மெல்ல ரோஜா நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. வரப்பில் முத்துராக்கு முன்னால் போக, நீங்கள் நடுவில், நான் பின்னால். குவித்து வைத்த உப்பைப் பார்த்து, “மதினி, இதெல்லாம் பறக்குறாப்புல இருக்குல்ல?” என்றீர்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஆமா என்றேன். அடுத்த அடியில் உங்கள் முழங்கால் மடிந்தது. முத்துராக்குதான் உங்களைத் தோளில் தாங்கி, உப்பு ஏற்ற வந்திருந்த மினி லாரியை மறித்து ஏற்றினாள். சாயல்குடி ஆஸ்பத்திரிவரை உங்கள் தலை அவள் மடியில் இருந்தது. உள்ளங்காலை நான் தேய்த்துக்கொண்டே போனேன்.

உள்ளே கொண்டுபோன பிறகு உங்கள் போன் என் கையில் இருந்தது. ‘வீடு’ என்று இருந்த எண்ணை அழுத்தினேன். உங்கள் வீட்டுக்காரர் எடுத்தார். நீங்கள் மதினி என்றால் அவர் எனக்கு அண்ணன்தானே. அவரோடு நான் பேசியதே இல்லை.

“யாரு?”

“நான் ஒங்க சம்பந்தி பேசுறேன்.”

“எந்தச் சம்பந்தி?” என்றார் அண்ணன். அவருக்கு இருப்பது ஒரே மகள்.

சொல்லி முடித்தேன். அவர் தட்டுத்தடுமாறி, “அவ மக வீட்லல்ல இருக்கா? நீங்க எப்படி அங்கன?” என்று கேட்டார். “மொதல்ல கெளம்பி வாங்க” என்று வைத்துவிட்டேன். அடுத்து என் மகனுக்குப் பேசினேன். அவனும் அதையேதான் கேட்டான்.

மகனிடம்தான் கார் இருந்தது. ராமநாதபுரம் வந்து சேர்ந்த அண்ணனும், அங்கே மிளகாய் மண்டிக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரும் அதே காரில்தான் ஏறியாக வேண்டியிருந்தது. ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால். ஏர்வாடிவரை ஒருவர் இடப்பக்கச் சன்னலையும் மற்றவர் வலப்பக்கச் சன்னலையும் பார்த்துக்கொண்டு வந்தார்களாம். அங்கே என் மகன் டீக்கு நிறுத்தியிருக்கிறான். ஒரு டம்ளரை எடுத்து என் வீட்டுக்காரர் அண்ணன் பக்கம் நீட்டி, “குடிங்க. அங்க போனா நம்ம ரெண்டு பேருக்கும் பேச வாய்ப்பு வராது” என்றாராம். சாயல்குடிக்குள் நுழையும்போது இருவரும் பின் இருக்கையில் ஒன்றாக உட்கார்ந்து நம்மைத் திட்டிக்கொண்டிருந்தார்கள்.

நீங்கள் கையில் குளுக்கோஸ் ஊசியோடு படுத்திருந்தீர்கள். வாசலில் இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததும் உங்கள் முகம் மலர்ந்ததே, அதை நான் எங்கும் பார்த்ததில்லை. “ரெண்டு பேரும் ஒரே கார்லயா? மாதாவே! அப்ப நான் செத்தாத் தூக்க ஆளு சேந்துருச்சு” என்றீர்கள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் வீட்டுக்காரர்தான், “வாய மூடிட்டுப் படுங்க, சம்பந்தி” என்றார். அவர் வாயில் அந்தச் சொல் வந்ததைக் கேட்டு, மூலையில் நின்ற முத்துராக்கு ஏனோ அழுதுவிட்டாள்.

இதயம் பலவீனமாக இருக்கிறது, அலையக் கூடாது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கொஞ்ச காலம் அலைந்தோம், பக்கத்து ஊர்களாகப் பார்த்து, இப்போது ஒளிவு மறைவு இல்லாமல். பிறகு அதுவும் முடியாமல் போனது. நான் தங்கச்சிமடத்துக்கு வந்து உங்கள் கட்டில் அருகே உட்காருவேன். கண்ணை மூடிக்கொண்டு, “ரைட், போலாம்” என்பீர்கள். நான் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு வர வேண்டும். திருப்புல்லாணி வந்துருச்சு, கீழக்கரை வந்துருச்சு, இந்தா மழை, இந்தா ஜெய்னம்பு வீட்டுக் கதவு. சில நாள் நான் சொல்லச் சொல்லவே தூங்கிவிடுவீர்கள். சில நாள் உங்களுக்கு முன்னால் நான் தூங்கியிருக்கிறேன். அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “எந்த ஊருல எறங்கிருக்காகளோ” என்று மின்விசிறியைக் கூட்டி வைத்துவிட்டுப் போவார்.

மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு காலையில் நீங்கள் போய்விட்டீர்கள். படகுகளெல்லாம் கரையில் கிடந்தன. கடல்காரர்கள் அத்தனை பேரும் ஊரில் இருந்தார்கள். அத்தனை தோள் இருந்தும் என் வீட்டுக்காரர் தன் தோளை விலக்கவே இல்லை, கல்லறைத் தோட்டம்வரை.

ஆனால் மதினி, வழியில் நமக்குக் கிடைத்த சிநேகிதிகளுக்கு யாரும் சொல்லவில்லை. யாருடைய எண்ணும் நம்மிடம் இல்லை. அவர்களிடமும் நம் எண் இல்லை. போனால் பார்ப்பது, அவ்வளவுதானே நம் உறவு. மாதக்கணக்காகத் தள்ளிப்போட்டுவிட்டு நேற்றுத்தான் கிளம்பினேன்.

ஜெய்னம்பு கதவைத் திறந்ததும் என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. சாவுச் செய்திக்கு அவர்கள் சொல்லும் “இன்னா லில்லாஹி”யைத் தொடங்கி முணுமுணுத்து முடித்துவிட்டு, என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனாள். பாயில் உட்காரவைத்து, “அவங்க பேரு என்னங்க? தொழுதுட்டுத் துஆ கேக்குறப்பச் சொல்லணும்” என்று கேட்டாள். சொன்னேன். இத்தனை நாளும் நான் கூப்பிட்டதைக் கேட்டு அவளும் உங்களை மதினி என்றே கூப்பிட்டிருக்கிறாள். உங்கள் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, “அழகான பேரா இருக்கே, ஒரு தடவகூடக் கூப்புடலையே” என்றாள். அங்கேதான் நான் அழுதேன்.

அழுதது நல்லதாகப் போயிற்று, முத்துராக்குவிடம் தெம்பாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு போனேன். மழைக்காலம் முடிந்து உப்பளத்தில் இன்னும் வேலை தொடங்கவில்லை. அவள் வீட்டு முன்னால் பனங்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மண் கையோடு ஓடிவந்தாள். “மதினி வரலையா? ஒடம்பு எப்படி இருக்கு? நடக்குறாகளா? அன்னைக்கு லாரியில என் மடியில படுத்துக்கிட்டு, ‘ஒன் சேலையெல்லாம் உப்புக் கரிக்குது பிள்ளை’ன்னு சொன்னாக. எனக்கு நெனச்சு நெனச்சுச் சிரிப்பு.” அவள் சிரித்தாள். வாயைத் திறந்தேன். “நல்லா இருக்காக” என்று வந்துவிட்டது. கை நிறையக் கிழங்கை வாழைநாரில் கட்டி, “இது மதினிக்கு. நல்லா வேகவச்சுக் குடுங்க” என்று என் மடியில் வைத்துவிட்டாள்.

அதை எங்கே கொண்டுபோவது? வேறு வழியில்லாமல் இன்று தங்கச்சிமடத்துக்கே எடுத்துப்போனேன். அண்ணன் தனியாக இருந்தார். கிழங்குக் கட்டை வாங்கி, அடுப்பில் உப்புப் போட்டு வேகவைத்தார். தோலை உரித்து, நடு நரம்பை இழுத்துப் போட்டுவிட்டு எனக்குப் பாதி கொடுத்தார். தின்றுகொண்டே எல்லாம் சொன்னேன்.

“நான் பொய் சொல்லிட்டு வந்துட்டேன், அண்ணே.”

அவர் அடுத்த கிழங்கை உரித்தார். “அந்தப் பொம்பள மடியிலதான் அன்னைக்கு அவ உசுரு தங்குச்சு. அதுகிட்ட நீங்க சொல்ல வேணாம். அவ வீட்டு ஆளு நான் வந்து சொல்றேன்” என்றார். தோலை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “அப்படியே நீங்க ரெண்டு பேரும் பாத்ததையெல்லாம் காட்டுங்க. அந்தப் பிள்ளையாரு, அந்தத் தொதலு” என்றார். என் வீட்டுக்காரரும் வருகிறேன் என்பார், தெரியும். இனி நம் சபரில் ஆண்களின் இருமலும் அரசியல் பேச்சும் இருக்கும். நீங்கள் இருந்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. பாம்பன் பாலத்தில் பஸ் மெதுவாக ஏறியது. கீழே படகுகள் தண்ணீரில் இருக்கின்றனவா, வானத்தில் இருக்கின்றனவா என்று தெரியவில்லை. அப்படி ஒரு நிறம். ஊர்கள் எல்லாம் அந்த வெளிச்சத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து போயின. நீங்கள் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது இதுதான் போலிருக்கிறது: எந்த ஊரிலும் எனக்காக ஒரு கதவு ஒரு கை அகலமாவது திறக்கும் என்கிற தைரியம். மிளகாய்க் காட்டையும் வீட்டையும் தவிர வேறு திசை அறியாமல் இருந்தவளுக்கு, இந்த வயதில்.

மண்டபத்தில் மீன் கூடையோடு ஒருத்தி ஏறி, என் இருக்கையின் மறு ஓரத்தில் உட்கார்ந்தாள். கூடையை நடுவில் வைத்துக்கொண்டாள். சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, “ஒத்தையாவா போறீக?” என்று கேட்டாள்.

“இல்ல” என்றேன்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு, யாரோ வரப்போகிறார்கள் என்று நினைத்தாளோ என்னவோ, கூடையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு நடுவில் இடம் விட்டாள்.